அத்தியாயம் 4: கறள் பிடித்த பழைய சைக்கிளைத் திருத்தி ஓடவைத்தல்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் பாதையில், நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது திரியாய். ஒரு பக்கம் வயலும் குளமும், மறு பக்கம் களப்பும் கடலும். ஏற்ற இறக்கம் குறைந்த தரை. இப்படியான ஊருக்கு இருபது கியர் தேவையில்லை. பாரம் தாங்குகிற, உடைந்தால் பக்கத்துக் கடையிலேயே திருத்தக்கூடிய, கனத்த இரும்புச் சைக்கிள் ஒன்று போதும். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் கொல்லையில் கிடந்த சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்தவர்கள் பலர். அந்தச் சைக்கிள்களில் எதை எடுக்கலாம், எதை விடலாம், எடுத்ததை எப்படி மறுபடி ஓடவைப்பது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

தொடங்குமுன் ஒரு விதியை மனதில் பதியுங்கள். காசு முதலில் சுழலும் பாகங்களுக்கும் நிற்பாட்டும் பாகங்களுக்கும் போக வேண்டும். பெயின்ற் கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பளபளக்கும் சட்டத்தில் தேய்ந்த கோனையும் வெடித்த ரயரையும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

எந்தச் சைக்கிளைத் தேடுவது

நம் பக்கத்தில் கிடைக்கும் பழைய சைக்கிள்களில் சிறந்தவை இங்கிலாந்தில் செய்த ராலி, ஹம்பர், ரட்ஜ், ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பிஎஸ்ஏ. பெயர்த் தகடு கழன்று போயிருந்தாலும் செயின் வீலைப் பார்த்தே சிலவற்றை இனங்காணலாம். நாரையின் தலை வெட்டியிருந்தால் ராலி. ஐந்து சிறு மனித உருவங்கள் வட்டமாக நின்றால் ஹம்பர். விரித்த கை இருந்தால் ரட்ஜ். இவை போட்டிக் கம்பனிகளாகத் தொடங்கியவை. ராலி 1932 இல் ஹம்பர் சைக்கிளையும், 1943 இல் ரட்ஜையும், 1957 இல் பிஎஸ்ஏ சைக்கிளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1960 இல் ஹெர்குலிசும் பிலிப்சும் அதே குடைக்குள் வந்தன. அதனால் பிற்காலத்து வண்டிகளில் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே தொழிற்சாலைப் பாகம்.

மலிவாகத் திருத்தலாம் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் இந்தியா. 1949 இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ பெயர்களிலேயே சைக்கிள் செய்தது. லூதியானாவில் ஹீரோவும் அதே இங்கிலிஷ் அமைப்பைப் பின்பற்றியது. கம்பிப் பிரேக்கும் 28 அங்குலச் சில்லும் உள்ள அந்த அமைப்பு இந்தியாவில் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஆகவே அறுபது வருடம் பழைய ஹம்பருக்கு வேண்டிய பிரேக் கட்டை, ரயர், செயின், போல்ஸ் எல்லாம் திருகோணமலை நகரத்துச் சைக்கிள் கடையில் கேட்டு வாங்கக்கூடியவை.

கைப்பிடி கீழே வளைந்த பழைய ரேஸ் சைக்கிள் கிடைத்தால் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் இரண்டைப் பார்த்துவிட்டு. முதலாவது, ரயரில் எழுதியிருக்கும் அளவு. பழைய இங்கிலிஷ் ரேஸ் சைக்கிளில் 27 x 1¼ இருக்கும். அதன் ரிம் விட்டம் 630 மில்லிமீற்றர். இன்று கிடைக்கும் 700சி ரயருக்கு 622. எட்டு மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது. இரண்டாவது, சீற் கம்பி. அலுமினியக் கம்பி இரும்புச் சட்டத்துக்குள் இருந்தால், உப்புக்காற்றில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இறுகிவிடும். நட்டைத் தளர்த்திய பிறகும் கம்பி அசையாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

திரியாய் மக்கள் 1985 இல் இடம்பெயர நேர்ந்தவர்கள். பாட்டன் வாங்கிய சைக்கிள் எல்லா வீட்டுத் தாழ்வாரத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தேடும்போது குச்சவெளி, நிலாவெளி, திருகோணமலை நகரம் வரை விசாரிக்க வேண்டும். கரையோரத்தில் வாங்கும்போது, 2004 சுனாமியில் இந்த வண்டி கடல்நீருக்குள் கிடந்ததா என்று நேரே கேளுங்கள். மேலே புதுப் பெயின்ற் அடித்திருந்தாலும் குழாய்க்குள் போன உப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

வாங்குமுன் பத்து நிமிடம்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு நாணயத்தால் சட்டத்தின் குழாய்களை நீளத்துக்குத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல குழாய் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே கறள் அரித்த இடத்தில் சத்தம் மந்தமாகும். பெடல் அச்சு போகும் கூட்டின் அடிப்பக்கம், பின் சில்லைப் பிடிக்கும் கீழ்க் குழாய்கள் அந்தக் கூட்டோடு சேரும் இடம், ஃபோர்க்கின் தோள் ஆகிய மூன்றிலும் தண்ணீர் தங்கும். அங்கே குத்தூசியால் அழுத்துங்கள். ஊசி உள்ளே இறங்கினால் பேரம் பேச வேண்டாம்.

அடுத்து, மோதிய வண்டியா என்று பாருங்கள். ஹாண்டில் குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல் பாரின் அடியிலும் கீழ்ச் சாய்குழாயின் அடியிலும் விரலை ஓட்டுங்கள். சுருக்கமோ மேடோ தட்டுப்பட்டால் முன்பக்கம் எதிலோ இடித்திருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது ஃபோர்க்கின் மேற்பகுதி ஹாண்டில் குழாயோடு ஒரே நேர்கோட்டில் இறங்கி, கீழே மட்டும் முன்னுக்கு வளைய வேண்டும்.

பின்பகுதி நேரா என்று அறிய நூல் போதும். பின் சில்லைக் கழற்றிவிட்டு, சில்லு உட்காரும் ஒரு காதில் நூலைக் கட்டி, முன்னே ஹாண்டில் குழாயைச் சுற்றி, மறு காதுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாய்க்கும் நூலுக்கும் இடையில் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளவுகோலால் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் நல்லது. இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால், சட்டம் நிமிர்த்தத் தெரிந்தவர் அருகில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

இதன் பின் கணக்கு. கேட்கும் விலையோடு இரண்டு ரயர், இரண்டு ரியூப், ஒரு செயின், நான்கு பிரேக் கட்டை, இரண்டு கொட்டர் ஆணி, எல்லா இடத்துக்கும் புதுப் போல்ஸ், கிறீஸ் ஆகியவற்றின் விலையை எழுதிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை ஒரு புது லுமாலா சைக்கிளின் விலையைத் தொட்டால், மனம் எவ்வளவு இழுத்தாலும் திரும்பி வாருங்கள். சம்மதமானால் சட்ட இலக்கத்தைக் குறித்து, விற்பவரிடம் கையெழுத்தோடு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இலக்கம் பெரும்பாலும் சீற்றுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் குத்தியிருக்கும்.

கழற்றுதல்

அங்குல அளவுச் சாவிகள், நல்ல குறடு, சுத்தியல், நிப்பிள் சாவி, பித்தளைக் கம்பித் தூரிகை, மண்ணெண்ணெய், பழைய துணி. இவ்வளவும் போதும். போல்ஸ் உருண்டு மண்ணுக்குள் போகாமல் இருக்க ஒவ்வொரு இடத்துப் போல்ஸையும் ஒவ்வொரு சிரட்டையில் போட்டு, எத்தனை இருந்தன என்று எழுதிவையுங்கள். கழற்றுமுன் பிரேக் கம்பிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் பிறகு தலையைச் சொறிய வேண்டாம்.

அதிகம் பேர் சைக்கிளைப் பாழாக்கும் இடம் கொட்டர் ஆணி. கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்புப் போன்ற இரும்பு இது. அறுபது வருடக் கறளில் அது அச்சோடு ஒன்றாகியிருக்கும். முதல் நாள் மாலையே ஆணியின் இரு முனையிலும் ஊடுருவும் ஒயிலை விட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுக்கக் கழற்ற வேண்டாம். நட்டின் மேல் விளிம்பும் ஆணியின் முனையும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை மட்டும் தளர்த்தினால் மரை நசியாது. பிறகு கிராங்கின் அடியில், ஆணியின் தலை உள்ளே போகக்கூடிய அளவான இரும்புக் குழாய்த் துண்டொன்றைத் தரையிலிருந்து முட்டுக்கொடுங்கள். முட்டில்லாமல் அடித்தால் அடி முழுவதும் போல்ஸிலும் கப்பிலும் இறங்கிக் குழி விழும். முட்டு உறுதியானதும், கனமான சுத்தியலால் ஒரே ஓங்கிய அடி. பத்துச் சின்ன அடி ஆணியின் தலையைப் பரப்புமே தவிர வெளியே தள்ளாது.

புது ஆணி வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். இங்கிலிஷ் சைக்கிளுக்கு 9.5 மில்லிமீற்றர். 9 மில்லிமீற்றர் ஆணியும் சந்தையில் உண்டு, அது ஆடும். பூட்டும்போது ஒரு ஆணியின் நட்டு முன்னே பார்த்தால் மற்றதன் நட்டு பின்னே பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் இரு பெடலும் நேரெதிராக நிற்காது.

மரைகளில் இரண்டு சங்கதிகள். இடது பெடலுக்கு எதிர்மரை. கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். செயின் பக்கத்துக் கப்புக்கும் எதிர்மரைதான், ஆனால் அதைக் கழற்றவே வேண்டாம். இருந்த இடத்திலேயே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உள்ளே குழி இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். ராலி வண்டியில் இந்தக் கூட்டின் மரை அங்குலத்துக்கு 26. மற்ற இங்கிலிஷ் வண்டிகளில் 24. ராலியின் கப் தொலைந்தால் வேறு கப் ஏறாது. திருத்தக் கொடுக்கும் இடத்தில், "ஐயா, பழைய கப்பை எறிஞ்சிடாதேங்கோ, எனக்குத் தாங்கோ" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உப்பும் கறளும்

கடலோர ஊரில் கறளைச் சுரண்டுவது பாதி வேலை. உப்பைக் கழுவுவதுதான் மற்றப் பாதி. உப்பு இருக்கும்வரை மேலே என்ன பூசினாலும் அடியில் கறள் வளரும். வெறும் சட்டத்தை நல்ல தண்ணீரால், குழாய்களுக்குள்ளும் ஓடும்படி, பலதரம் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் மழைத் தண்ணீரைப் பாவியுங்கள். பிறகு தலைகீழாக வெயிலில் நாள் முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்ததும் சீற் குழாய் வழியாகச் சுத்தமான எஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் ஊற்றி, சட்டத்தை எல்லாப் பக்கமும் சரித்து உள்ளே படரவிட்டு, மிச்சத்தை வடியுங்கள். பெடல் கூட்டின் அடியில் சிறு துளை இருந்தால் அடைப்பெடுத்து வையுங்கள். உள்ளே சேரும் தண்ணீர் வெளியேற வழி அதுதான்.

குரோம் பாகங்களில் அரத்தாளைத் தொடவே கூடாது. குரோம் பூச்சு மிக மெல்லியது. கீறினால் அந்தக் கீறலிலேயே கறள் திரும்ப வரும். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேயுங்கள். கறள் கரைந்து சாம்பல் நிறக் குழம்பாக வரும். துடைத்துவிட்டு, உடனே காயவைத்து, மெழுகு பூசுங்கள். சின்ன நட்டு, போல்ட் எல்லாவற்றையும் புளிக் கரைசலில் இரவு ஊறவைத்தால் காலையில் தூரிகையால் தேய்த்தே எடுக்கலாம். புளியில் அமிலம் உண்டு. அதனால் எடுத்தவுடன் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி ஒயில் பூச வேண்டும்.

போல்ஸ், கோன், கிறீஸ்

சைக்கிளின் உயிர் இங்கேதான். சில்லின் அச்சைக் கையால் உருட்டும்போது கரகரவென்றால் கோன் குழி விழுந்திருக்கிறது. கோனை மண்ணெண்ணெயில் கழுவி, போல்ஸ் ஓடும் தடத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிபோல் ஒரு கோடு தெரிந்தால் நல்ல கோன். புள்ளி புள்ளியாகக் குழி தெரிந்தால் மாற்றுங்கள். போல்ஸை மட்டும் தயங்காமல் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். விலை சொற்பம். பழையதையும் புதியதையும் கலந்தால் பாரம் பெரியவற்றில் மட்டும் விழும்.

பொதுவாகப் பெடல் கூட்டில் பக்கத்துக்கு 11, பின் சில்லில் பக்கத்துக்கு 9, இரண்டும் கால் அங்குலப் போல்ஸ். முன் சில்லில் பக்கத்துக்கு 10, அளவு அங்குலத்தின் பதினாறில் மூன்று. உங்கள் சிரட்டைக் கணக்கு வேறாக இருந்தால், கப்பை நிரப்பி ஒரு போல்ஸ் அளவு இடைவெளி விடுங்கள். நெருக்கித் திணிக்க வேண்டாம்.

கோனை இறுக்கும் அளவுதான் கைப்பழக்கம். சில்லைப் பூட்டிய பின் ரிம்மைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. சில்லைத் தூக்கிவிட்டால், வால்வின் பாரமே அதைச் சுழற்றிக் கீழே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இரண்டும் சரியானால் இறுக்கம் சரி.

கிறீஸுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது நாள்பட்டால் பிசுபிசுத்து மணலைப் பிடிக்கும்.

செயினை அளக்க வழி எளிது. ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணி அளந்தால் 12 அங்குலம் வர வேண்டும். பன்னிரண்டே அரைக்கால் அங்குலம், அதாவது 12⅛ வந்தால் செயின் முடிந்தது. பற்கள் சுறாவின் பல்போல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பிறீவீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

சில்லும் ரயரும்

இங்கிலிஷ் வண்டியில் முன் சில்லுக்கு 32 கம்பி, பின் சில்லுக்கு 40. ரயர் வாங்குமுன் பழைய ரயரின் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். பெரிய சில்லுக்கு 28 x 1½, ரிம் விட்டம் 635 மில்லிமீற்றர். சிறிய சில்லுக்கு 26 x 1⅜, விட்டம் 590. "இருபத்தாறு" என்று மட்டும் சொல்லிக் கேட்டால் ஏறாத ரயர் கிடைக்கும், ஏனென்றால் மவுண்டன் சைக்கிளின் 26 வேறு.

நெளிவு எடுக்க ரயர் இல்லாத சில்லைச் சட்டத்தில் பூட்டிச் சுழற்றி, பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் சோக்குத் துண்டைப் பிடியுங்கள். ரிம் எங்கே நெளிகிறதோ அங்கே கோடு விழும். கோடு இடப்பக்கம் விழுந்தால் அந்த இடத்து வலப்பக்கக் கம்பிகளை இறுக்கி, இடப்பக்கத்தைத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். நிப்பிள் இறுகியிருந்தால் ஒயில் விட்டுக் காத்திருங்கள். முறுக்கினால் கம்பி அறும். முடிந்ததும் ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளை அரத்தால் மழுக்கி, நாடா சுற்றிவிட்டு ரியூப்பைப் போடுங்கள்.

பிரேக்

கம்பிப் பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். ஆகவே சில்லு பக்கவாட்டில் நேராக இருந்தால் மட்டும் போதாது, வட்டமாகவும் இருக்க வேண்டும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் மூன்று மில்லிமீற்றர் வையுங்கள். கம்பிகள் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு ஒயில் விடுங்கள், கட்டையில் படாமல். நனைந்த குரோம் ரிம்மில் எந்தக் கட்டையும் சட்டென்று பிடிக்காது. மாரி காலத்தில் முன்கூட்டியே இலேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் முழுக்கப் பிடிக்க வேண்டும். பிள்ளைக்குக் கொடுக்கும் சைக்கிள் என்றால் இதைச் சொல்லிக்கொடுக்காமல் கொடுக்காதீர்கள்.

மூன்று கியர் இருந்தால்

சில வண்டிகளின் பின் சில்லின் நடுவில் தடித்த உருளை இருக்கும். அது ஸ்ரேமி ஆர்ச்சர் கம்பனியின் மூன்று கியர். 1936 இல் வந்த ஏடபிள்யூ வகைதான் அதிகம். உருளையைத் துடைத்துப் பாருங்கள். "58" என்றும் "6" என்றும் குத்தியிருந்தால் 1958 ஆனியில் செய்தது. வண்டியின் வயதை அறிய இதைவிட நல்ல சாட்சி இல்லை, சில்லு மாறாமல் இருந்தால்.

இதைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது ஒயில் மட்டுமே. உருளையில் உள்ள சின்ன மூடியைத் திறந்து மெல்லிய மெசின் ஒயில் ஒரு தேக்கரண்டி விடுங்கள், பிறகு மாதத்துக்குச் சில சொட்டு. கியரைச் சரிபார்க்க, நெம்பை நடுக் கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியே பாருங்கள். கேபிளின் சின்னச் செயினோடு சேரும் கம்பியின் முனை அச்சின் முனையோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கேபிள் நுனியிலுள்ள திருகை மாற்றுங்கள். இது சரியாக இல்லாமல் நின்று மிதித்தால் கியர் வழுக்கி, கால் தவறும்.

பெயின்ற்

பழைய பெயின்றும் பொன்கோடும் முக்காலாவது மிச்சமிருந்தால் அடிக்கவே வேண்டாம். கழுவி, மெழுகு பூசி, கறள் தெரியும் இடத்தில் மட்டும் தொட்டுவிடுங்கள். முழுக்க அடிக்கத்தான் வேண்டும் என்றால், பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த தூசி பறக்காமல் நனைத்துத் தேயுங்கள், மூக்கையும் வாயையும் மூடுங்கள், பிள்ளைகளைத் தள்ளிவையுங்கள். வாடைக்காற்றும் மழையும் உள்ள ஐப்பசி முதல் தை வரை அடித்தால் ஈரம் பிடித்து வெளிறும். கச்சான் வீசும் மாதங்களில் புழுதி ஒட்டும். மாசி, பங்குனிக் காலைகள் நல்லவை. முதலில் கறள் தடுக்கும் அடிப்பூச்சு, பிறகு மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தரம்.

முதல் ஓட்டமும் பின் கவனிப்பும்

எல்லாம் பூட்டியதும் ஊருக்குள்ளேயே சில கிலோமீற்றர் ஓடுங்கள். திரும்பி வந்ததும் கொட்டர் ஆணி நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புது ஆணி முதல் ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கும். இறுக்காமல் விட்டால் ஆணி நசிந்து, கிராங்கும் சேர்ந்து கெடும். ஹாண்டில், சீற், இரு சில்லு நட்டுகளையும் பாருங்கள். இதன் பிறகுதான் புல்மோட்டைப் பாதையில் ஏறலாம்.

கடற்கரைக்குப் போய் வந்த நாளில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். கிழமைக்கு ஒருதரம் காற்றும் செயின் ஒயிலும். வருடத்துக்கு ஒருதரம், மாரி முடிந்ததும், போல்ஸ் கழுவிக் கிறீஸ். இவ்வளவையும் செய்பவருக்கு இந்தச் சைக்கிள் இன்னொரு தலைமுறை ஓடும். உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படி ஒன்று கறள் பிடித்துக் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்குமுன், நாணயத்தால் ஒருதரம் தட்டிப் பாருங்கள்.